மாம்பலம் நடராஜன், ஹெவி வெயிட்

1

யாழ்ப்பாணத்தில் இருக்கும் நண்பர்கள் என் சென்னைக் கடிதங்களில் எதிர்பார்ப்பது எனக்குத் தெரியும். கபாலீசுவரர் கோயில் அறுபத்துமூவர் விழா எப்படி நடந்தது, மயிலாப்பூரில் யாருடைய கச்சேரி கேட்டேன், அரிசி அங்கே என்ன விலை. பதினான்கு வருஷமாக இவற்றைத்தான் எழுதிவந்தேன். இந்த முறை ஒரு குத்துச்சண்டையைப் பற்றி எழுதப்போகிறேன். எனக்குக் குத்துச்சண்டை தெரியாது. ஆனால் இரண்டு வாரம் அதைத் தவிர வேறெதையும் நான் காதில் வாங்கவில்லை.

என் நாள் இப்படிப் போகிறது. தியாகராய நகரில், ஏரியைத் தூர்த்து மனை போட்ட இடத்தில், ஒரு சின்ன வீடு. தெருவில் இன்னும் மணல்தான். காலையில் மாம்பலம் ஸ்டேஷனுக்கு நடந்து, மின்சார ரயிலில் எழும்பூர் வரை போய், கூவம் பாலத்தைக் கடந்தால் சிந்தாதிரிப்பேட்டை. அங்கே ஓர் அச்சகத்தில் நான் பிழை திருத்துபவன். தேவார உரை, பஞ்சாங்கம், கல்யாணப் பத்திரிகை, எண்ணெய் விளம்பரம், எது வந்தாலும் என் மேசைக்கு வந்துதான் போகும்.

அடுத்தவர் தமிழைத் திருத்திப் பிழைக்கும் எனக்கு என் பேச்சுத் தமிழால் இன்றைக்கும் சங்கடம். "உங்களோடை கொஞ்சம் கதைக்க வேணும்" என்று வந்த புதிதில் முதலாளியிடம் சொன்னேன். "கதையெல்லாம் ராத்திரி சொல்லுங்க, இப்ப வேலையைப் பாருங்க" என்றார். யாராவது கேள்வி கேட்டால், ஆமாம் என்பதற்கு நான் "ஓம்" என்பேன். மெஷின்காரர்கள் கை கூப்புவார்கள். என் மகனுக்கு அந்தச் சங்கடம் இல்லை. ஐந்து வயதில் தனுஷ்கோடியில் இறங்கியவன், ஏழு வயதில் "இன்னா" என்று கேட்டுக்கொண்டு வீட்டுக்குள் வந்தான். அவனுடைய தாய் சிரித்தாள். நானும் அன்றைக்குச் சிரித்தேன்.

2

ஒரு திங்கட்கிழமை என் மேசைக்கு ஒரு நோட்டீசின் புரூஃப் வந்தது. மஞ்சள் காகிதம். "மாபெரும் குத்துச்சண்டை! ஹெவி வெயிட்! ஆறு ரவுண்டு! பெரம்பூர் பெர்சிக்கும் மாம்பலம் நடராஜனுக்கும்!" கீழே இரண்டு வட்டப் படங்கள். ஒருவன் சட்டைக்காரப் பையன், ஆங்கிலோ இந்தியன், அடர்த்தியான புருவம். மற்றவன் என் மகன்.

நடராசா என்று நாங்கள் பேர் வைத்த பிள்ளை. வெற்று மார்போடு, இரண்டு கையிலும் உறையோடு, படம் பிடித்தவனை முறைத்துக்கொண்டு நின்றான்.

நோட்டீசை ஒரு தரம் முழுக்கப் படித்தேன். 'குத்துச்சண்டை' என்பதில் ஓர் இடத்தில் ஒற்று விட்டிருந்தது. போட்டேன். 'ஜன்' என்ற எழுத்துகளைச் சுழித்து ஓரத்தில் 'சா' என்று எழுதினேன். அச்சுக் கோக்கிறவர் அதை எடுத்துக்கொண்டு திரும்பி வந்தார்.

"சார், அவங்க குடுத்த எழுத்துல நடராஜன்னுதான் கீது. நீங்க ஏன் மாத்தறீங்க?"

"பிழையெண்டு நினைச்சன். விடுங்கோ."

சுழித்ததை அடித்துவிட்டேன். அவன் என் வீட்டை விட்டுப் போய் அப்போது ஐந்து மாதம். மவுண்ட் ரோடு பக்கம் ஒரு மோட்டார் பட்டறையில் வேலை பார்க்கிறான் என்பது மட்டும்தான் எனக்குத் தெரியும். நோட்டீசின் கடைசி வரியில், டிக்கெட்டுகள் தஸ்தகீர் டெய்லர் கடையில் கிடைக்கும் என்று போட்டிருந்தது. அச்சகத்திலிருந்து மூன்றாவது தெரு.

3

அவன் ஏன் போனான் என்று சொல்லிவிட வேண்டும்.

ரயில்வேயில் தொழில் பழகும் இடத்துக்கு ஆள் எடுத்தார்கள். அவனுக்கு அதன்மேல் உயிர். எங்கே பிறந்தான் என்பதற்கு ஒரு பத்திரம் வேண்டும் என்றார்கள். பிறந்தது யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணை. அங்கே எழுதித்தான் வாங்க வேண்டும். "இண்டைக்கு எழுதுறன், நாளைக்கு எழுதுறன்" என்று நான் தள்ளிப்போட்டேன். என் மனைவி தையல்நாயகிக்கு அப்போது காய்ச்சல் விட்டு விட்டு வந்துகொண்டிருந்தது. அதுதான் காரணம் என்று எல்லாரிடமும் சொன்னேன். அது முழு உண்மையில்லை. அவன் இங்கே வேலையில் அமர்ந்துவிட்டால் நாங்கள் ஊர் திரும்புவது முடிந்த கதை. அது எனக்குத் தெரிந்திருந்தது. நான் எழுதிய கடிதம் போய், பத்திரம் வந்து சேர்ந்தபோது ஆள் எடுத்து முடித்துவிட்டார்கள்.

அடுத்த மாதம் அவள் போய்விட்டாள்.

சாவைப் பதியப் போன இடத்தில் குமாஸ்தா பிறந்த ஊர் கேட்டார். வண்ணார்பண்ணை என்றேன். அவர் வண்ணாரப்பேட்டை என்று எழுதினார். "அதில்லை ஐயா, இது சிலோனிலை" என்றேன். "சிலோன்ல எங்க?" என்றார். "வண்ணார்பண்ணை." "அதான் எழுதியாச்சே." எனக்குப் பின்னால் வரிசை நின்றது. பிழை திருத்துவதே என் தொழில். அன்றைக்கு அந்தப் பிழையை அப்படியே மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன். வண்ணாரப்பேட்டையை அவள் ஒருநாள்கூடப் பார்த்ததில்லை.

அந்தக் காகிதத்தைப் பார்த்து நடராசா, "இதையாவது சரியா எழுத வெக்கக் கூடாதா?" என்று கேட்டான்.  எனக்கு எதுவுமே வரவில்லை. அழுகையும் வரவில்லை, கோபமும் வரவில்லை. நெடுநேரம் காலை மடக்கி இருந்தால் விறைத்துப்போகுமே, அப்படி உடம்பு முழுக்க இருந்தது. அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். ஏழு மாதம் இப்படி ஒரே வீட்டில் இருந்தோம். பிறகு ஒருநாள் டிரங்குப் பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

4

தஸ்தகீர் டெய்லர் கடைக்கு நான் ஒரு சட்டைத் துணியோடு போனேன். டிக்கெட் கேட்க வாய் வரவில்லை.

குறுகலான கடை. ஒரு தையல் மெஷின், ஒரு பெஞ்சு. தஸ்தகீர் பாய்க்கு என் வயதிருக்கும். கழுத்தில் அளவு நாடா. பெஞ்சில் இருவர். ஒருவர் மயிலாப்பூரிலிருந்து வரும் கணக்கு வாத்தியார் ராமசேஷன். பள்ளிக்கூடம் விட்டதும் நேரே இங்கே வந்துவிடுவாராம். மற்றவர் எதிர்ப்புறம் சோடாக் கடை வைத்திருந்த கோவிந்து. மூவரும் நான் வந்ததைக் கவனிக்காமல் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

"கை நீளத்தைப் பாரும் ஓய்," என்றார் வாத்தியார். "நடராஜன் பெர்சியைவிட மூணு அங்குலம் நீளம். அவன் கையை நீட்டிண்டு நின்னாப் போறும், பெர்சி கிட்டக்கவே வர முடியாது. இது கணக்கு."

"கணக்கு இன்னாத்துக்கு சாமி?" என்றார் கோவிந்து. "பேருக்குத்தான் மாம்பலம், இப்ப நம்ம பேட்டைப் பையன். கெலிச்சிட்டுத்தான் வருவான். பெர்சிய மூணாவது ரவுண்டுல படுக்க வெச்சிடுவான் பாரு."

"பெர்சிதான் கெலிப்பான்," என்றார் தஸ்தகீர் பாய், ஊசியில் நூல் கோத்துக்கொண்டே.

"நீரா சொல்றீர்? தினம் அந்தப் பையனுக்கு உம்ம ஆத்துலேர்ந்து சோறு வரது. அவன் தோப்பான்னு வாய் கூசாம சொல்றீரே!" என்றார் வாத்தியார்.

"சோறு போடறதாலதான் சொல்றேன். இன்னா துன்றான், எவ்ளோ மீதி வெக்கறான்னு எனக்குத் தெரியும்." பாய் என் துணியை வாங்கிப் பக்கத்தில் வைத்தார். "அவனுக்கு மூணு தபா நிஜார் தெச்சிக்கீறேன். மொத தபா இடுப்பு முப்பத்தாறு. அப்பறம் முப்பத்தஞ்சு. போன வாரம் முப்பத்திமூணு. பேருதான் ஹெவி வெயிட்டு. ஆளு கரைஞ்சிக்கினே கீறான்."

கோவிந்து ஏதோ சொல்லவந்தார். பாய் நிறுத்தவில்லை.

"அதுகூட இல்ல. ரிங்குல கையத் தூக்க மாட்டேன்றான்பா. தடுக்கறதில்ல. அடி வந்தா மூஞ்சியக் காட்டிக்கினு நிக்கிறான். நானே கேட்டேன், இன்னாடா நைனா, ஏன்டா தடுக்கலைன்னு. 'பாய், அடி விழுந்தாத்தான் எதுனா தெரியுது. இல்லாங்காட்டி ஒண்ணுமே தெரியறதில்ல'ன்றான். அவங்கம்மா பூட்டாங்க இல்ல, அப்பலேர்ந்து அப்டித்தான். பெர்சி கை ரயில் எஞ்சின்ல கரி அள்ளிப் போடற கை. அதை அவன் மூஞ்சில வாங்கினா இன்னா ஆவும்?"

பாய் மெஷினை மிதிக்கத் தொடங்கினார்.

"தோப்பனார்னு யாரும் கேக்கறதில்லையா?" என்றார் வாத்தியார்.

"அவனுக்கு நைனா இல்ல. சிலோன்லயே பூட்டாராம்."

நான் அங்கே உட்கார்ந்திருந்தேன். என் கையில் துணி சுற்றிவந்த காகிதம் இருந்தது. அதை நாலாக மடித்தேன். மடித்ததைப் பிரித்தேன். மார்பில் ஏதாவது குத்தும் என்று காத்திருந்தேன். குத்தவில்லை.

கோவிந்து என் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க சார். நோட்டீஸ் பாத்தீங்க இல்ல? யாரு கெலிப்பாங்க?"

"நடராசா வெல்லமாட்டான்," என்றேன்.

வாத்தியார் கையை உதறினார். "இன்னொருத்தர் சேந்துண்டார்!" என்று கோவிந்துவோடு மறுபடி கை நீளத்தில் இறங்கிவிட்டார். பாய் மட்டும் மெஷினை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். அளவு எடுக்கிறேன் என்று என்னை எழுப்பி, தோளில் நாடாவை வைத்துக்கொண்டு, மற்றவர் காதில் விழாமல் கேட்டார்.

"அவன் கோவம் வந்தா அந்தப் பேரத்தான் சொல்வான் சார், 'எங்கூட்ல என்னை நடராசாம்பாங்க'ன்னு. நீங்க யாரு?"

"சிலோன்," என்றேன். 

அவர் தோள் அளவைச் சொல்லாமலே எழுதிக்கொண்டார். நான் புறப்படும்போது, சட்டைக்கான சீட்டோடு ஒரு டிக்கெட்டையும் என் கையில் வைத்தார்.

5

சண்டை சனிக்கிழமை மாலை. அதற்கு முந்திய வியாழன் தையல்நாயகியின் ஆட்டத்திவசம், முதல் வருஷத் திதி. பாயிடம் விலாசம் கேட்டுப் பட்டறைக்கு ஒரு கார்டு போட்டிருந்தேன். வருவான் என்று நினைக்கவில்லை. ஐயர் வந்து, வாழைக்காய் எல்லாம் எடுத்து வைத்து, இன்னும் எவ்வளவு நேரம் என்று என்னைப் பார்த்தபோது வாசலில் சைக்கிள் நின்றது.

குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தான். ஐயர் சொன்னதைச் சொன்னான், எள்ளும் தண்ணீரும் விட்டான். நகத்தடியில் மோட்டார் எண்ணெய்க் கறுப்பு. இடது கண்ணுக்குக் கீழே பழைய வீக்கம் மஞ்சளாகியிருந்தது. ஐயர் போன பிறகு இருவரும் இலைக்கு முன்னால் இருந்தோம். பாய் சொன்னது சரிதான். பாதிச் சோற்றை ஒதுக்கிவைத்தான்.

"உனக்குச் சண்டை எண்டு அறிஞ்சன்."

"யார் சொன்னாங்க?"

"நோட்டீஸ் நான்தான் திருத்தினது."

அவன் நிமிர்ந்து பார்த்தான். நான் கேட்டேன்: "நான் செத்துப்போனன் எண்டு சொன்னியோ?"

மறுப்பான் என்று நினைத்தேன். மறுக்கவில்லை. "வூட்டுக்கு ஏன் போவலைன்னு கேட்டுக்கினே இருந்தாங்க. அப்படிச் சொன்னா அப்பறம் யாரும் கேக்க மாட்டாங்க. அதான்."

"சரி."

"அவ்ளோதானா? சரியா?" அவன் குரல் உயர்ந்தது. "திட்டுங்களேன். அடிங்களேன். ஏதாவது சொல்லுங்களேன் அப்பா!"

சொல்ல நிறைய இருந்தது. பத்திரத்துக்கு நான் வேண்டுமென்றே பிந்தி எழுதினேன் என்று சொல்லியிருக்கலாம். போகாதே, பெர்சி உன்னைக் கொன்றுபோடுவான் என்று சொல்லியிருக்கலாம். என் வாயில் வந்தது இவ்வளவுதான்:

"கையை உயத்திப் பிடி."

அவன் கையைக் கழுவிக்கொண்டு சைக்கிளை எடுத்தான்.

6

மைதானத்தில் கூடாரம். ஐந்து மணிக்கே நிறைந்துவிட்டது. ஒரு பக்கம் பெரம்பூர் ரயில்வேக்காரர்கள் தொப்பியோடு, மறு பக்கம் சிந்தாதிரிப்பேட்டை முழுவதும். எனக்கு ஒரு பக்கம் தஸ்தகீர் பாய், மறு பக்கம் வாத்தியார், அவருக்கு அடுத்து கோவிந்து. மணி அடிக்கும்வரை மூவரும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்கள்.

முதல் இரண்டு ரவுண்டும் வாத்தியார் கணக்குப்படியே நடந்தது. நடராசா கையை உயர்த்திப் பிடித்திருந்தான். இடது கையை நீட்டி நீட்டி பெர்சியைத் தூரத்திலேயே நிறுத்தினான். "பாத்தேளா! மூணு அங்குலம்!" என்று வாத்தியார் என் தொடையில் அடித்தார். கோவிந்து நாற்காலி மேல் ஏறிவிட்டார். பாய் என் முகத்தைப் பார்த்துத் தலையாட்டினார். நான் நகராமல் இருந்தேன். என் பிள்ளை இவ்வளவு அழகாகக் கால் மாற்றி நிற்பான் என்று எனக்குத் தெரியாது.

மூன்றாவது ரவுண்டில் பெர்சி விலாவில் ஒன்று கொடுத்தான். அந்தச் சத்தம் எங்கள் வரிசைவரை கேட்டது. நடராசாவின் கைகள் மெல்லக் கீழே இறங்கின. வலியால் இறங்கியதாகத் தெரியவில்லை. சுமந்துவந்த பையை இறக்கிவைப்பதுபோல் இறக்கினான். பெர்சியே ஒரு கணம் தயங்கினான். பிறகு அடித்தான். நடராசா விழுந்தான், எழுந்தான். கையைத் தூக்கவில்லை. மறுபடி விழுந்தான். ரெஃப்ரி ஏழு எண்ணும்போது எழுந்தான். முகம் முழுக்க ரத்தம். மணி அடித்தது.

"போதும்பா," என்றார் பாய், யாரிடமும் இல்லாமல். "போதும்டா நைனா."

நாலாவது ரவுண்டு தொடங்கி அவன் மூன்றாம் தரம் விழுந்து எழுந்தபோது நான் எழுந்து நடந்துகொண்டிருந்தேன். எப்போது எழுந்தேன் என்று தெரியாது. ஆட்களைத் தள்ளிக்கொண்டு அவனுடைய மூலைக்குப் போனேன். பட்டறை முதலாளிதான் அவனுக்கு மூலையில் நின்றார், தோளில் துண்டோடு.

"நிப்பாட்டுங்கோ," என்றேன்.

"யாருய்யா நீ? எட்டப் போ!"

"நான் அவன்ரை தேப்பன்."

"அவனுக்கு அப்பன் இல்ல. போய்யா!"

பின்னாலேயே வந்திருந்த தஸ்தகீர் பாய் அவருடைய கையைப் பிடித்தார். "இவுருதான்பா அவங்க நைனா. உசுரோடதான் கீறாரு. தோத்தோம்னு துண்டைப் போடுபா!"

முதலாளி என்னைப் பார்த்தார், ரிங்கைப் பார்த்தார். பெர்சி மறுபடி கையை ஓங்கினான். நான் அவர் தோளிலிருந்த துண்டை இழுத்து, கயிற்றுக்கு மேலாக எறிந்தேன். அது பாதி தூரம்தான் போய் விழுந்தது. ரெஃப்ரி அதைக் கண்டு குறுக்கே வந்து நின்றார்.

கூடாரம் முழுக்கக் கூச்சல். யாரோ என் முதுகில் சோடா மூடியை எறிந்தார்கள்.  நான் ரிங்கின் பலகையைப் பிடித்துக்கொண்டேன். மேலே நடராசா ஒரு கண்ணால் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றான். மற்றக் கண் மூடிவிட்டது.

பின்புறத் தட்டிக்குள் அவனைப் பெஞ்சில் கிடத்தினார்கள். "ஏன் நிறுத்தினீங்க?" என்றான். "நான் எழுந்திருச்சிருப்பேன்."

"எனக்குப் பாக்க ஏலாமக் கிடந்தது."

அவன் முகத்தைத் தட்டிப்பக்கம் திருப்பிக்கொண்டான். தோள் குலுங்கியது. பாய் ஜட்கா கூட்டிவரப் போனார்.

7

விலாவில் ஓர் எலும்பில் கீறல், புருவத்தில் நாலு தையல். கண்ணுக்குப் பழுதில்லை என்றார் டாக்டர். ஒன்பது நாள் என் வீட்டில் கிடந்தான். நான் அவித்த புட்டு கட்டியாக இருந்தது, பேசாமல் சாப்பிட்டான்.  ஒருநாள் பத்திரத்துக்கு நான் பிந்தி எழுதியதைச் சொன்னேன். ஏன் என்பதையும் சொன்னேன். "தெரியும்," என்றான். "அம்மா சொல்லிச்சு."  எனக்கு அதைச் சொன்னபிறகும் லேசாக இருக்கவில்லை.

பாய் கடையில் விவாதம் ஓயவில்லை. துண்டு விழாதிருந்தால் ஐந்தாவது ரவுண்டில் நடராஜன் மீண்டிருப்பான் என்று வாத்தியார் இன்றைக்கும் கணக்குப் போட்டுக் காட்டுகிறார். நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிறேன். கோவிந்து என்னோடு பேசுவதில்லை.

பத்தாம் நாள் அவன் பட்டறைக்குத் திரும்பிப் போனான். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றான். முதல் ஞாயிறு வந்தான். அடுத்த ஞாயிறு வரவில்லை. நேற்று வந்தான். வழக்கம்போல் சாப்பிட்டுவிட்டுச் சும்மா இருந்தோம். அவன் புறப்பட எழுந்து சட்டையைப் போட்டபோது நான் பத்திரிகையை விரித்தேன். சீமையில் ஒரு பெரிய ஹெவி வெயிட் சண்டை வரப்போகிறது என்று போட்டிருந்தது, ஓர் அமெரிக்காக்காரனுக்கும் ஒரு ஜெர்மன்காரனுக்கும்.

"யார் வெல்லுவான்?" என்று கேட்டேன்.

"அமெரிக்காக்காரன். இதுல கேள்வியே இல்ல."

"ஜெர்மன்காரன்தான்," என்றேன்.

"இன்னா தெரியும் உங்களுக்கு?" அவன் திரும்பி வந்து எதிரே உட்கார்ந்தான். சட்டைப் பொத்தான் பாதி போட்டபடி இருந்தது. "அவன் எடது கையப் பாத்தீங்களா? காலை எப்படி வெக்கறான் தெரியுமா? இங்க பாருங்க…"

எழுந்து நின்று இரண்டு கையையும் முகத்துக்கு முன்னால் தூக்கிக் காட்டினான். எனக்கு இருவரில் ஒருவரையும் தெரியாது. அவன் சொல்லி முடிக்கும்போதெல்லாம், "இல்லை, ஜெர்மன்காரன்தான்" என்று மறுபடியும் சொன்னேன்.